உடன் வருபவர் ஒருவர்

இப்படி நகர்ந்து உட்காருங்க தம்பி. அந்தப் பக்கம் எலச்சிபாளையம் வரைக்கும் வெயில் முகத்திலேயே அடிக்கும். ஜன்னலோரம் மட்டும் கேட்காதீங்க, அது என் மகனுடையது. பஸ்ஸே காலியாக இருந்தாலும் இந்தச் சீட்டுக்குத்தான் வருவான். எதிரில் வருகிற லாரிக்கெல்லாம் சக்கரம் எண்ணுவான். பத்துக்கு மேல் வராது. பன்னிரண்டு சக்கர வண்டி வந்தால் 'பத்தும் குட்டியும்' என்பான். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒன்றும் தப்பில்லைங்க.

பேர் பூபதி. வயசு இருபத்தாறு. பிறந்ததும் பத்து நிமிஷம் அழாமல் கிடந்தான். அந்தப் பத்து நிமிஷம்தான் இவன் வாழ்க்கை. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, குறைபாடு அறுபத்தைந்து சதவீதம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். "மிச்சம் முப்பத்தஞ்சு எங்கீங்க டாக்டர்?" என்று கேட்டேன். சும்மா குசும்புக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றார்.

கண்டுபிடித்தேன் தம்பி. கண்டுபிடித்து என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். நாமக்கல் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கிறது.

இருங்க, கண்டக்டர் வருகிறார். இந்தாங்க பாஸ். பார்த்தீங்களா தம்பி, இவன் போட்டோ, இவன் பேர், இவன் விலாசம். அடியில் 'உடன் வருபவர் ஒருவர்' என்று போட்டிருக்கிறது. அந்த ஒருவருக்குப் பேரும் இல்லை, போட்டோவும் இல்லை. அது நான். என் பேர் செங்கோடன். இரண்டு பேருக்கும் டிக்கெட் கிடையாது.

நான் ரிக்கு வண்டிக்காரன். திருச்செங்கோட்டுக்காரன் வேறு என்னவாக இருப்பான், போர் போடுகிற வண்டிதான். இந்தியா மேப்பில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வையுங்க, அந்த இடத்தில் நான் ஒரு குழி போட்டிருப்பேன். சத்தீஸ்கரில் ஒருதடவை தொள்ளாயிரம் அடி இறங்கியாயிற்று. தண்ணீர் இல்லை, வெறும் புழுதி. திடீரென்று கீழேயிருந்து யாரோ துளை போடுகிற ராடைத் தட்டுகிறார்கள். கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் குழியில் காதை வைத்தேன். ஒரு பொம்பளைக் குரல், நம்மூர்ப் பேச்சு: "ஏனுங்கண்ணா, கொஞ்சம் மெதுவாப் போடுங்க. இப்பத்தான் குழந்தை கண்ணசந்துது." தப்பாப் போச்சு தாயி என்று சொல்லி, ராடை உருவிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டோம்.

நீங்க சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பார்கள். இவன் சிரித்ததில்லை. ஏழு வயசில் கேட்ட கதை. இன்றைக்கும் திடீரென்று கேட்பான், "அப்பா, அந்தக் குழந்தை எந்திரிச்சிருச்சா?" என்று. இல்லை சாமி, இன்னும் தூங்குது என்பேன். நிம்மதியாகத் திரும்பிக்கொள்வான்.

ஒரு கதையை ஒருதடவை சொன்னால் போதும். வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வான். நான் செருமின இடத்தில் செருமுவான். ஸ்கூலில் பதினொரு வருஷம் 'அ' போடவில்லை, வீட்டு விலாசம் ஒரு வரி ஏறவில்லை. ஆனால் அப்பன் கதை என்றால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்த முப்பத்தைந்து சதவீதம் அங்கேதான் இருந்தது. இவன் அம்மாவுக்குக்கூட அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இவன் அம்மா பாவாயி. தறி ஓட்டுகிறவள். எங்களுக்கு ஒத்துவரவில்லைங்க. மூன்று மாசம் வடக்கே, பத்து நாள் வீட்டில் என்று இருந்தவன் நான். அந்தப் பத்து நாளும் நான் கதை சொல்வேன், அவள் இவனுக்குச் சோறு ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், கால் கழுவி விடுவாள். ஒருநாள், "கதைதான் சொல்றீங்களே, ஒரு நாளைக்குக் கழுவித்தான் உடுங்களே" என்றாள். அதற்கு ரோசப்பட்டுக்கொண்டு வண்டியேறினேன். ஏறினவன் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்போது இவனுக்குப் பன்னிரண்டு. கோர்ட்டு, விவாகரத்து எல்லாம் ஆனது. பிள்ளைக்கு மாசாமாசம் கொடு என்றார்கள். கொடுத்தேன். நடுவில் சில மாசம் விட்டுப்போயிருக்கும், வடக்கே இருந்தால் அப்படித்தான்.

இவனுக்குப் பதினெட்டு முடிந்த அன்றைக்கு, மகன் மேஜர் ஆகிவிட்டான் என்று ரிக்குப் பட்டறையில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாசத்தோடு பணத்தை நிறுத்திவிட்டேன். அந்தப் பிரியாணியில் இவனுக்கு ஒரு பொட்டலம் போனதா என்று கேட்காதீங்க. போகவில்லை.

பாவாயியும் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு வலியப் போய்க் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் ரிக்கை விட்டு ஊரோடு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறினதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். தலைசீவி, பவுடர் போட்டு, பாஸைச் சட்டைப் பையில் வைத்து ஊக்குப் போட்டு அனுப்புவாள். சாயங்காலம் வரைக்கும் பஸ் மாற்றி பஸ் ஏறி ஊர் சுற்றுவோம். இவன் சக்கரம் எண்ணுவான், நான் கதை விடுவேன். நல்ல அப்பன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செலவும் இல்லை பாருங்க.

போன வருஷம் பாவாயிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கை தூக்க முடியாமல் தறியை விட்டாள். அப்புறம்தான் எனக்கு நோட்டீஸ் வந்தது. வக்கீலிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏனுங்க, பையனுக்கு இருபத்தஞ்சு வயசாச்சு, இன்னுமா நான் குடுக்கோணும்?"

"வயசு கணக்கில்லைங்க பெரியவரே. தன்னால பொழைக்க முடியாத பிள்ளைன்னா எத்தனை வயசானாலும் அப்பன் குடுக்கோணும். சட்டம் அப்படித்தான்."

"பொழைக்க முடியும்னு காட்டிட்டா?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "காட்டிட்டா, கேஸ் நிக்காது."

அவ்வளவுதானுங்க அவர் சொன்னது. மிச்சமெல்லாம் என் சரக்கு.

என்னோடு இருபது வருஷம் ராடு தூக்கின ஆண்டியப்பன் இப்போது பைபாஸில் பஞ்சர் கடை போட்டிருக்கிறான். 'இந்தப் பையன் என்னிடம் வேலை செய்கிறான்' என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தான். இவனை அங்கே இரண்டு தடவை கூட்டிப்போனேன். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் வரும் இல்லைங்களா, அதைப் பார்த்துக் கைதட்டினான். போதும் என்று கிளம்பினேன். அப்புறம் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, இதே பஸ், இதே சீட்டு. கதை மாதிரிதான் சொல்லிக் கொடுத்தேன். 'ஒரு ஊர்ல ஒரு பஞ்சர் கடை' என்று ஆரம்பித்து, கடைசியில் ஆறு வரிக்குக் கொண்டுவந்தேன். அம்மாகிட்டச் சொல்லக் கூடாது சாமி, அம்மா ஆச்சரியப்படோணும் என்றேன். சொல்லவே இல்லை. என் பேச்சை மீற மாட்டான்.

கோர்ட்டு நாள் வந்தது. பாவாயி இவனைப் பஸ்ஸில் என்னோடே உட்கார விட்டாள், அவளும் அதே பஸ்ஸில் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் இந்தப் பாஸைக் காட்டித்தான் போனேன். இவனால் தனியாகப் பிழைக்க முடியும் என்று சொல்லப் போகிறவன், இவனைத் தனியாக விட முடியாது என்பதற்காகக் கொடுத்த பாஸில் போகிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லைங்க. அந்தப் பக்கத்து வக்கீலுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜட்ஜம்மா நல்ல மனுஷி. "சாப்பிட்டியாப்பா? நீ என்ன பண்றே?" என்று தன் பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். இவன் என்னைப் பார்த்தான். நான் மூக்கைச் சொறிந்தேன். அதுதான் அடையாளம்.

"என் பேரு பூபதிங்க. நான் ஆண்டியப்பன் பஞ்சர் கடையில வேலை பாக்கறேன். ட்யூப்பத் தண்ணியில முக்குவேன். எங்க குமிழ் வருதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுவேன். சனிக்கிழமை சம்பளம். நான் யாருக்கும் பாரமில்லைங்க."

திக்கவில்லை, திணறவில்லை. டைப் அடிக்கிற அம்மா கையை எடுத்துவிட்டு இவனைப் பார்த்தது. கடைசி வரி இருக்கிறதே, யாருக்கும் பாரமில்லை என்பது, அது நானாக யோசித்து வைத்தது. ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் பாவாயியைப் பார்த்தேன். கத்துவாள், இது பொய்யுங்க என்பாள், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். பார்த்தால் சிரிக்கிறாள் தம்பி. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் பாட்டுப் பாடினால் பெற்றவள் நிற்பாளே, அப்படி நிற்கிறாள். "ஏம்மா, இது உண்மையா?" என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"தெரியலைங்கம்மா. இவன் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லைங்க."

அந்த ஒரு பதிலில் அவள் கேஸ் போய்விட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்கு அது தோன்றவில்லை.

வெளியே வராந்தாவில் என்னிடம் வந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "எத்தனை நாள்ல சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள்.

"ஒம்பது ஞாயித்துக்கிழமை."

அவள் சொன்னாள்: "கேஸு போனாப் போகட்டும். இதே மாதிரி ஊட்டு அட்ரஸையும் ஒரு கதையாக் கட்டி இவனுக்குச் சொல்லிக் குடுத்துருங்க. எங்கியாவது வழி தவறிட்டா இவனுக்குச் சொல்லத் தெரியாது. நான் இல்லாதப்ப என்ன பண்ணுவான்னுதான் எனக்கு ராத்தூக்கமே இல்ல. உங்க வாயி சொன்னா ஏறுதில்ல. சொல்லிக் குடுங்க."

ஆகட்டும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை. அதற்கடுத்தது ஒரு கல்யாணம். அப்புறம் என்னமோ, அந்த வீட்டு விலாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் கதவு எண் இருக்கிறது, தெரு இருக்கிறது, நான் இல்லை. அப்படியெல்லாம் ஒரு காரணமும் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் சோம்பேறித்தனம்தானுங்க. கேஸ் ஜெயித்தாயிற்று, இனிமேல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நான் முடித்துவிட்டேன். இவன் முடிக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? பஞ்சர் கடையில் வேலை பார்க்கிறோம் என்று இவன் நம்பிவிட்டான். அப்பன் சொன்னது எது இவனுக்குப் பொய்யாக இருந்திருக்கிறது? தினமும் காலையில் "வேலைக்கு நேரமாச்சும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பானாம். பாவாயி கதவைச் சாத்தி வைப்பாள். என்னிடம் சொல்லவும் சொன்னாள். ரெண்டு நாள்ல மறந்துருவான் என்றேன். கதை விடுகிறவனுக்கு, கேட்கிறவன் மறந்துவிடுவான் என்றுதான் எப்போதும் நினைப்பு.

ஒரு புதன்கிழமை, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், கதவு திறந்து கிடந்தது. கிளம்பிவிட்டான். ஆண்டியப்பன் கடை எந்தத் திசை என்று இவனுக்குத் தெரியாது. ரோட்டைப் பிடித்து நடந்திருக்கிறான். வழியில் பார்த்த பஞ்சர் கடைக்கெல்லாம் போய்த் தொட்டியில் கையை விட்டிருக்கிறான். விரட்டினால் அடுத்த கடை.

மறுநாள் பெருந்துறைப் பக்கம் ஒரு போலீஸ்காரர் பார்த்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார். சோறு வாங்கிக் கொடுத்து ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். 'என் பேரு பூபதிங்க, நான் ஆண்டியப்பன் பஞ்சர் கடையில வேலை பாக்கறேன்.' வீடு எங்கப்பா? 'ட்யூப்பத் தண்ணியில முக்குவேன்.' சரி, உங்கப்பா எங்கே? 'தொள்ளாயிரம் அடிக்குக் கீழ. சத்தம் போடாதீங்க, குழந்தை தூங்குது.' அவர்கள் பாவம், அப்பனும் குழந்தையும் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்று பதறி, தீயணைப்பு வண்டிக்கே சொல்லிவிட்டார்களாம். இது நான் விடுகிற கதை இல்லைங்க. இதை மட்டும் நான் விடவில்லை.

பாஸ் இவன் பையில் இருந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வீடு சேர்ந்திருப்பான். விலாசம் அதில்தானே இருக்கிறது. பாஸ் என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று பாவாயியிடம் சொன்னேன். மறக்கவில்லை. 'மகனைக் கூப்பிடப் போறனுங்க' என்று தனியாகப் போகும்போதும் காட்டினால், சில கண்டக்டர்கள் டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதற்காக நானே வைத்துக்கொண்டேன். பதினஞ்சு ரூபாய்க்கு.

பாவாயி கொடுத்த போட்டோவை வைத்து மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் கொப்புளம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஆறு வரியும் சொன்னான். 'நான் யாருக்கும் பாரமில்லைங்க' என்று முடித்துவிட்டு என் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மெச்ச வேண்டுமாம்.

பாவாயி என்னைத் திட்டவில்லை. கையை நீட்டினாள். பாஸைக் கொடுத்தேன். இவன் பையில் வைத்து ஊக்குப் போட்டாள். "நான் கோர்ட்டுல போய் நெசத்தைச் சொல்லிடறேன்" என்றேன். "போறதுன்னா இவனையும் கூட்டிட்டுப் போங்க. தனியாப் போனா அங்கியும் ஒரு கதையச் சொல்லிட்டு வந்துருவீங்க" என்றாள்.

விலாசத்தை இப்போது சொல்லிக் கொடுத்துவிட்டேன். கேட்டுப் பாருங்க, கடகடவென்று சொல்வான். எத்தனை நாள் ஆனது தெரியுங்களா? மூன்றே நாள்.

வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாயைத் தொறக்காதீங்க பெரியவரே. பொய்ச் சாட்சி செட்டப் பண்ணினேன்னு நீங்களே போய்ச் சொன்னா, உள்ள வெச்சாலும் வெச்சிருவாங்க. அறுபத்தெட்டு வயசுல தேவையா?" தேவையில்லைதான். ஆனாலும் கிளம்பிவிட்டேன். பையில் பாருங்க, துண்டு, மாத்திரை, மாற்று வேட்டி. எதற்கும் இருக்கட்டும் என்று. ஜட்ஜம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும்...

என்னங்க கண்டக்டர்? நல்லிபாளையம் தாண்டியாச்சுங்களா?

"தாண்டியாச்சுங்க பெரியவரே. இன்னிக்காவது கோர்ட்டுங்களா, இல்ல பஸ் ஸ்டாண்டு போண்டாவுங்களா?"

அவர் பேச்சை விடுங்க தம்பி. விளையாட்டுக்காரர்.

சரி, ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? ஆமாங்க. இது அஞ்சாவது திங்கட்கிழமை. நாலு திங்கட்கிழமையும் கோர்ட்டு ஸ்டாப் வந்தது, போனது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி இவனுக்குப் போண்டா வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட்டேன். பாவாயியிடம், இன்றைக்கு ஜட்ஜம்மா லீவு என்றேன். நாலு தடவையும் லீவு. ஒவ்வொரு தடவையும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் இதே கதையைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகினால் அங்கே போய் வாய் வரும் என்று ஒரு நினைப்பு. வருகிறது தம்பி. பஸ்ஸில் நல்லாத்தான் வருகிறது. அந்த ஸ்டாப்பைப் பார்த்தால் சீட்டை விட்டு எழுவதில்லை.

என்ன சாமி? என்ன சொன்னே? ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் எனக்குக் காது கேட்குமா, இங்கே திரும்பு.

"அப்பா, கடைசியை உட்டுட்டீங்க."

எதை விட்டுட்டேன்?

"ம்க்கும். என் பேரு செங்கோடனுங்க. இவன் என் மகனுங்க. அன்னிக்கு இவன் சொன்னதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க. பாரமில்லைங்கற வார்த்தை இவனோடது இல்லைங்க, என்னோடது. இவனுக்குத் தனியாப் பொழைக்கத் தெரியாதுங்க. குடுக்க வேண்டியதை நான் குடுக்கறனுங்க."

கேட்டீங்களா. தொண்டையைச் செருமினது முதல் அப்படியே நான். நாலு வாரமாக வாய்க்குள் முணுமுணுத்துப் பழகினேன். இவன் லாரி எண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இவனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் நான் பேசாவிட்டாலும் இவன் பேசிவிடுவான். நான் மூக்கைச் சொறிந்தால் போதும். ஒரு வரி விடாமல் சொல்வான். எனக்காக இன்னொரு தடவை. அந்த நினைப்பு இப்போதுகூட வந்துபோகிறது பாருங்க தம்பி, இந்த நிமிஷத்தில்கூட.

"கோர்ட்டு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க."

எந்திரி சாமி. இல்லை, போண்டா அப்புறம். பாஸ் பத்திரம், ஊக்கு இருக்குதா பார். அங்கே நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அப்பா பேசறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

"அங்க குழந்தை தூங்குமாப்பா? மெதுவாப் பேசோணுமா?"

இல்லை சாமி. இன்னைக்குச் சத்தமாவே பேசலாம்.

கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க தம்பி, நாங்க இறங்கணும்.